பெரட்டில் கடைசிப் பெயர்

ஒரு பெயரைக் கூப்பிட்டால் மூன்று மூச்சு விடும் நேரம் காத்திருப்பார். மூன்றாவது மூச்சும் வெளியே போன பிறகுதான் அடுத்த பெயர். மாத்தளை மலையில், எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் எங்களுக்குக் கணக்கப்பிள்ளையாக இருந்தவர் அவர். அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. தோட்டத்துப் பெயர்களையெல்லாம் வாய் நிறையக் கூப்பிட்ட மனிதரை நாங்கள் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஐயா"தான்.

விடிந்ததும் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவதைத்தான் தோட்டத்தில் பெரட்டு என்போம். அது பட்டாளத்திலிருந்து வந்த வழக்கம் என்று அவர்தான் எனக்குச் சொன்னார். "நம்ம முதுகுலதான் கூடை புள்ள. காலு இன்னும் பட்டாளத்துலதான் நிக்குது." சொல்லிவிட்டுத் தன் கால்களைப் பார்த்துக்கொள்வார். அவர் நிற்கும்போது இரண்டு குதிகாலும் ஒட்டியே இருக்கும்.

நான் பத்தொன்பது வயதில் அந்த வரிசைக்கு வந்தேன். என் அக்காவுக்கு அப்போது கைக்குழந்தை. அதைப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு அவள் ஓடி வருவதற்குள் பெயர் வந்துவிடும். ஒரு நாள் அவள் பெயர் வந்தபோது, குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கி நானே "இருக்கேன்" என்றேன். எல்லா மலையிலும் அக்கா தங்கச்சிகள் செய்கிற வேலைதான் அது.

அவர் புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை.

"இது தங்கச்சி குரல். அக்கா குரல் வரட்டும்."

"வந்துக்கிட்டுதான் இருக்கா ஐயா. அந்தா, படியில..."

"வரட்டும். வந்து அவ வாயால சொல்லட்டும்."

"வாய் யாரோடதா இருந்தா என்னங்க ஐயா, கொழுந்து பறிக்கிறது கைதானே?"

வரிசை சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு சொன்னார்: "சோத்தைக் கடன் குடு, உப்பைக் கடன் குடு. குரலைக் கடன் குடுக்காத புள்ள. அது திரும்பி வராது."

அன்று அக்காவுக்கு அரைப்பேர்தான் விழுந்தது. பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் வேலை. அரைப்பேர் என்றால் பாதி. அக்கா கூடைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அந்த மனிதரைக் கண்டாலே எரிந்தது. சாயந்தரம் அவருடைய மனைவி பலாக்கொட்டைக் கறிச் சட்டியோடு எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். "இந்த மனுசன் போட்ட அரைப்பேருக்கு என்னால முடிஞ்ச அரைச் சட்டி" என்று வாசலில் வைத்துவிட்டுப் போனார். கணவருடைய சட்டம் கடித்த இடத்திலெல்லாம் அந்த அம்மா பின்னாலேயே கறியோடு வருவார் என்பது பிறகு எங்களுக்குப் பழகிவிட்டது.

பெண்கள் அவரைச் சும்மா விடுவதில்லை. "ஐயா பேரு கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள கொழுந்து முத்திப் போயிரும்" என்பார்கள். "முத்தினா வெட்டிவிட்டா மறுபடி துளிர்க்கும். ஆளு தொலைஞ்சா துளிர்க்குமா?" என்பார். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு சொல் இருந்தது. "வந்தவனைத் திட்டு, வராதவனைத் தேடு" என்பது ஒன்று. "கூப்பிடுறது பாதி வேலை, காத்திருக்கிறது மீதி" என்பது இன்னொன்று. நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள். சாமான் சுற்றி வந்த பேப்பரையெல்லாம் விரித்துப் படித்துத்தான் எழுத்து வந்தது. ஆனால் பேப்பரில் படித்தது மறந்தாலும் மனிதர்கள் சொன்னது எனக்கு மறக்காது.

ஒரு மழை நாளில் அவருடைய சட்டம் என்னவென்று எங்களுக்கு விளங்கியது. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் சாயந்தரமும் ஒரு தடவை பெயர் கூப்பிடுவார். மற்ற மலைகளில் அந்த வழக்கம் கிடையாது. அன்று ஒரு கிழவியின் பெயருக்கு அவளுடைய மருமகள் பதில் சொன்னாள்: "மாமி முன்னாடியே லயத்துக்குப் போயிட்டாங்க ஐயா."

"போனதை நீ பாத்தியா?"

"போயிருப்பாங்க. இந்த மழையில நிப்பாங்களா?"

"போயிருப்பாங்கங்கிறது உன் குரல். அவ குரல் எங்க?"

மழையோடு மழையாக மறுபடி மலைக்கு ஏறினார். நாங்கள் நாலைந்து பேர் திட்டிக்கொண்டே பின்னால் போனோம். கிழவி கால் முறிந்து, மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் கிடந்தாள். வாயில் சேறு போய் அவளால் கத்த முடியவில்லை. இன்னும் அரைமணி நேரம் போயிருந்தால் கான் நிரம்பியிருக்கும். அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது அவர் அவள் பெயரை மறுபடி மறுபடி கூப்பிட்டு, அவள் முனகுவதைக் கேட்டுக்கொண்டே வந்தார். ஆளைக் கண்டுபிடித்த மனிதருக்கு இன்னும் எதற்கு இந்தக் கூப்பாடு என்று நினைத்தேன்.

கடைசிப் பெயரைப் பற்றி இனித்தான் சொல்ல வேண்டும்.

காலைப் பெரட்டில் எல்லாப் பெயரும் முடிந்த பிறகு புத்தகத்தை மூடுவார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடிப்பார். புத்தகத்தில் இல்லாத ஒரு பெயரைக் கூப்பிடுவார்.

"ஞானப்பூ."

மூன்று மூச்சு. யாரும் பதில் சொல்வதில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு, "சரி, மலைக்குப் போங்க" என்பார்.

புதிதாக வந்த நாளில் பக்கத்தில் நின்றவளிடம் யார் அது என்று கேட்டேன். "ஐயாவோட ஆளு. கொழுந்தும் பறிக்காது, பேரும் கேக்காது" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். ஆனால் அந்தப் பெயர் வரும்போது, வெற்றிலை மெல்லுகிற வாய் கூட நிற்கும். பனி மூடிய காலைகளில் வரிசையின் கடைசி ஆள் கண்ணுக்குத் தெரிய மாட்டாள். அந்த மூன்று மூச்சுக்குள் எத்தனையோ தடவை நான் பின்னால் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

கதையைச் சொன்னது அவருடைய மனைவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தவருக்கு நான் விறகு கொண்டுபோய்க் கொடுத்தேன். இருவருக்கும் பிள்ளை இல்லை. தேங்காயைத் திருவிக்கொண்டே சொன்னார்:

"பிள்ளை இல்லாத வீடுன்னு சொல்றாங்க. எங்க வீட்டுல ஒரு பிள்ளை இருக்கு. ஏழு வயசு. நான் வாக்கப்பட்டு வர்றதுக்கு நூறு வருஷம் முந்தியே தொலைஞ்சிருச்சு."

கணக்கப்பிள்ளைக்கு நாலு தலைமுறைக்கு முந்திய பாட்டன் ஒருவர் வெள்ளைக்காரப் பட்டாளத்தில் சேர்ந்தவர். திருச்சிப் பக்கம். பஞ்சத்தில் வயிறு காய்ந்து சேர்ந்தாராம். சிவப்புச் சட்டையும் துப்பாக்கியும் கொடுத்து, துப்பாக்கியை விடக் கூடுதலாக மண்வெட்டியைக் கொடுத்து, கடல் தாண்டிக் கொண்டுவந்து கண்டிக்கு வடக்கே காட்டுக்குள் ரோட்டு வெட்ட விட்டார்கள். அந்தப் பட்டாளத்தோடு பெண்சாதி பிள்ளைகளும் நடந்தார்கள். அவருக்கு மனைவி, ஒரு மகன், ஒரு மகள். கிழிந்துபோன சிவப்புச் சட்டையை வெட்டி அந்த மனைவி மகளுக்குப் பாவாடை தைத்துப் போட்டிருந்தாளாம். காட்டுக்குள் ஓடினாலும் கண்ணுக்குத் தெரியட்டும் என்று.

நாலந்தாவில் கூடாரம் அடித்திருந்தபோது காய்ச்சல் வந்தது. தினமும் ஒன்றிரண்டு பேரைப் புதைத்தார்கள். குடும்பத்துக்கும் அரிசி கொடுத்ததால் காலைப் பெரட்டில் பெண்கள், பிள்ளைகள் பெயரும் கூப்பிடுவார்கள். அன்று கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு வடக்கே நகரும் நாள். மனைவி காய்ச்சலில் நோயாளி வண்டியில் கிடந்தாள். அவள் பெயருக்கு அவர் பதில் சொன்னார். மகன் தானே சொன்னான். மகள் ஞானப்பூவின் பெயர் வந்தபோது, அவள் தாயோடு வண்டியில் இருப்பாள் என்று நினைத்து, "இருக்கா ஐயா" என்று அவரே சொன்னார்.

"அவ வண்டியில இல்ல. ஆத்தாக்காரி என்ன நினைச்சிருக்கா? அப்பனோட நடந்து வருதுன்னு நினைச்சிருக்கா" என்றார் அந்த அம்மா. தேங்காய் திருவுகிற கை நின்றுவிட்டது.

மத்தியானம் அடுத்த தரிப்பில்தான் தெரிந்திருக்கிறது. திரும்பிப் போகிறேன் என்று பாட்டன் பட்டாளத் துரையின் காலில் விழுந்தார். காலையில் உன் வாயாலேயே இருக்கிறாள் என்றாயே, அப்படியானால் இங்கேதான் எங்கேயோ இருப்பாள், தேடு என்றான் துரை. வரிசையை விட்டுப் போனால் தப்பியோடியவன் என்று சுடுவார்கள். விடுப்புக் கிடைத்து அவர் நாலந்தாவுக்குத் திரும்பி ஓடியது மூன்றாம் நாள். சாம்பலும் புதுக் குழிமேடுகளும்தான் இருந்தன. பாழடைந்த கல்கோயிலைச் சுற்றிச் சுற்றிக் கூப்பிட்டாராம்.

"அதுக்குப் பிறகு அவருக்கு வாய் நல்ல வாய்னு சொல்லி, பேரு கூப்பிடுற வேலையையே குடுத்தாங்களாம். பாரு புள்ள, கடவுளுக்கும் கேலி இருக்கு. பட்டாளம் விட்டு வந்து காப்பித் தோட்டத்துலயும் அதே வேலை. அப்ப புடிச்சு இந்தக் குடும்பத்துல எவனாவது ஒருத்தன் பேரு கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். கடைசியில அவ பேரையும்."

"ஐயாவுக்குப் பிறகு யாரும்மா கூப்பிடுவாங்க?"

"அதைத்தான் அந்த மனுசன் தூக்கத்துலயும் கேக்குது."

வருஷத்துக்கு ஒரு தடவை அவர் மாத்தளைக்கு இறங்கி, நாலந்தாவுக்கு பஸ் ஏறுவார். நானும் ஒரு தடவை அவரோடு போனேன். பெரிய ரோட்டோரமாக நின்றார். அந்தப் பாட்டன் வெட்டிய ரோட்டில் இப்போது யாழ்ப்பாணத்து பஸ் பறக்கிறது. த்ரீவீல்காரப் பையன் வந்து, "கொஹெத யன்னே, மாமே?" என்று கேட்டான். எங்கேயும் போகவில்லை, ஒரு பிள்ளை வரவேண்டியிருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னார். பள்ளிக்கூடம் விடும் நேரம் என்று நினைத்து அந்தப் பையனும் கொஞ்ச நேரம் கூடவே நின்று ரோட்டைப் பார்த்தான்.

நான் ஆறாவது வருஷம் வேலை செய்துகொண்டிருந்தபோது அந்த அம்மா செத்துப்போனார். ஒரு வாரக் காய்ச்சல். அடக்கம் செய்த மறுநாள் காலையில் அவர் பெரட்டுக்கு வந்துவிட்டார். முகம் சவரம் செய்திருந்தது. குரல்தான் உடைந்திருந்தது. பனி இறங்கி, எங்களுக்கு நடுவில் சுவர் மாதிரி நின்றது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு முடித்தார். தொப்பியைக் கழற்றினார்.

"ஞானப்பூ."

மூன்று மூச்சு போனது. அவர் தொப்பியைப் போடவில்லை. நாலு, ஐந்து, பத்து. யாரும் அசையவில்லை. பனிக்குள் அவர் தலை மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து, காது கொடுத்து நின்றது. இந்த உலகத்தில் இனி அவருக்குப் பதில் சொல்ல ஒருவரும் இல்லை என்பதை அவரே அப்போதுதான் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"இருக்கேன்" என்றேன். சின்னக் குரலில். பிள்ளைக் குரலில்.

வரிசை முழுக்க ஒரு குளிர் போனது. யாரோ ஒருத்தி "மாதாவே" என்றாள். என் பக்கத்தில் நின்ற அக்கா என் கையை நகம் பதியப் பிடித்தாள். அவர் மெதுவாகத் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"சரி" என்றார். "மலைக்குப் போங்க."

அதற்குப் பிறகு அவர் அந்தப் பெயரைக் கூப்பிடவே இல்லை. தோட்டத்தில் கதை பரவியது. பெண்சாதி செத்த புண்ணியத்தில் பிள்ளை கிடைத்துவிட்டது என்றார்கள். அந்த வருஷமே கல்யாணமாகி நான் மாத்தளை டவுனுக்கு வந்துவிட்டேன். புருஷன் இருந்தவரை இரண்டு பேருமாக ஒரு தையல் கடை நடத்தினோம், இப்போது நான் தனியாக நடத்துகிறேன். மகள் வெளிநாட்டில். எத்தனையோ தடவை நினைத்துக்கொள்வேன், படிக்காத நான் என் ஆயுசில் செய்த ஒரு நல்ல காரியம் அந்த ஒரு சொல்தான் என்று. ஆனால் பனி இறங்குகிற காலையில் எதற்கென்று தெரியாமல் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று தலையைச் சாய்த்துக் காது கொடுக்கும்.

இருபத்திரண்டு வருஷம் கழித்து, போன வருஷம் ஒரு மத்தியானம் ஐயா கடைக்கு வந்தார். கையில் இரண்டு காற்சட்டை.

"இடுப்பைக் குறைக்கணும் புள்ள. உடம்பு ஒவ்வொரு உறுப்பா பெரட்டுக்கு வராம நிக்குது."

உட்காரவைத்து பிளேன்டீ கொடுத்தேன். ஊர்க்கதை பேசினோம். நான் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்குப் பனியில பதில் சொன்னது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

கால் நின்றது. "தெரியாதுங்க ஐயா."

அவர் காத்திருந்தார். எனக்குத் தெரியும், அவர் மூச்சைத்தான் எண்ணுகிறார். மூன்றாவது மூச்சில் என்னால் முடியவில்லை.

"நாந்தாங்க ஐயா."

"தெரியும். அக்கா பேருக்கு நீ பதில் சொன்ன நாள்லயே புடிச்ச குரல்தானே. நீ தெரியாதுன்னே நின்னிருந்தா எழும்பிப் போயிருப்பேன்."

"நீங்க நிம்மதியா இருக்கணும்னுதான்..."

"நிம்மதியாத்தான் இருந்தேன். அதுதான் தப்பு." தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "பட்டாளத்துப் பாட்டன் எங்களுக்கு விட்டுப்போனது நிலமில்ல, புலமில்ல. ஒரே ஒரு சட்டம். அவ பேருக்கு எந்த வாய் பதில் சொன்னதோ, அந்த வாய்தான் அவளைக் கூப்பிடணும். அவர் சொன்னாரு. அவர் கூப்பிட்டாரு. அவருக்குப் பிறகு அவர் ரத்தம். இத்தனை காலத்துல வேற ஒருத்தரும் வாய் திறக்கல. நீ திறந்த."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே ஐயா?"

"சொல்லியிருக்கணும். பெண்சாதியைப் புதைச்சுட்டு வந்து நிக்கிறேன், தோள்ல இருந்ததை யாரோ வாங்கிக்கிட்டாங்க. இறக்கி வச்சவனுக்குத் திரும்பத் தூக்க மனசு வரல. உங்கிட்டக் குடுத்துட்டேன்னு உனக்குச் சொல்லவும் மனசு வரல. இருபத்திரண்டு வருஷம் புள்ள. அந்தப் பிள்ளையை ஒருத்தரும் கூப்பிடல."

"இப்ப கூப்பிடுங்களேன் ஐயா. நான் சொன்னதை இல்லைன்னு வச்சுக்குங்க."

"ரெண்டு தரம் நாலந்தாவுல போய் நின்னு பாத்தேன். வாய் திறக்குது. பேரு வரல."

அவர் என்னைக் கூப்பிடச் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும். காற்சட்டை இரண்டையும் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். பெருமழைக் காலத்தில் செத்துப்போனதாகச் செய்தி வந்தது. அடக்கத்துக்குப் போனேன். பெட்டிக்குள் நான் இடுப்புக் குறைத்த காற்சட்டை. குதிகால் இரண்டும் ஒட்டியிருந்தன. எல்லாரும் கலைந்த பிறகு பழைய பெரட்டுக் களத்தில் போய் நின்றேன். இப்போது அங்கே பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். பந்து பொறுக்க வந்தவன் விலகிப் போகும்வரை நின்றுவிட்டு, கூப்பிட்டேன். பெயர் வந்தது. சுலபமாக வந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இப்போது காலையில் கடையைத் திறந்ததும் வாசலில் நின்று கூப்பிடுகிறேன். மூன்று மூச்சு. பிறகு மெஷின்.

பக்கத்து மசாலாக் கடைக்காரர் முஸ்லிம்; அண்ணன் முறையில் நானா என்போம், நல்ல மனிதர். மழை பெய்தால் என் கடைப் படங்குச் சீலையையும் சேர்த்துக் கட்டிவிடுவார். கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"யாருங்க தங்கச்சி அது? நாளும் கூப்பிடுறீங்க, ஒருத்தரும் வாராங்க இல்லையே. கேக்கப் பாவமா இருக்கு. நாளைக்கு நான் சரி ஒரு மறுமொழி சொல்லவா?"

சிரித்துச் சமாளித்தேன். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த நாள் காலையில் நான் கூப்பிட்டபோது, கறுவாப்பட்டைக் கட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். முதல் மூச்சில் அவர் வாய் திறப்பதைப் பார்த்தேன். இரண்டாவது மூச்சில் நான் பேசாமல் நின்றேன். அந்த ஒரு மூச்சு நேரம் என் தோள் எவ்வளவு லேசாக இருந்தது என்பதை யாரிடமும் சொன்னதில்லை. ஐயாவை அப்போதுதான் மன்னித்தேன்.

மூன்றாவது மூச்சில் கத்தரிக்கோலோடு குறுக்கே பாய்ந்தேன்.

"வேணாம் நானா! சொல்லாதீங்க!"

"யா அல்லாஹ்! என்ன தங்கச்சி?" என்று அவர் சாக்குமேல் உட்கார்ந்துவிட்டார்.

"சோறு கடன் குடுங்க, உப்பு கடன் குடுங்க. குரலைக் குடுத்துறாதீங்க நானா."

தெருவே திரும்பிப் பார்த்தது. நானா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் வாசலுக்குத் திரும்பிப் போய் நின்றேன். நடுவில் பேச்சு வந்துவிட்டதால் கூப்பிட்டது கணக்கில் சேராது.

மறுபடியும் கூப்பிட்டேன்.